சிக்கல் சோதனையைத் திரும்ப வையுங்கள்: எங்கள் எஞ்சினியரிங் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

எஞ்சினியரிங் தலைமைக்கும் டெலிவரி மேலாளர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிய மெயிலில், ரிலீஸ் தேதிகளுக்கும் புது டூல் அறிவிப்புகளுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. ஃபங்ஷன்களின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளின்) சிக்கல் அளவைப் பார்க்கும் சோதனை இனிமேல் எந்த மெர்ஜையும் (புது மாற்றத்தை முதன்மை நிரலில் சேர்ப்பதை) தடுக்காது, எச்சரிக்கை மட்டும் காட்டும். காரணமாக டெலிவரி வேகத்தைச் சொல்லியிருந்தீர்கள்.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. என்னோடு அதே கோடில், அதாவது நிரலில், தினமும் உட்காரும் பலரும் ஏற்கவில்லை. டீம் மீட்டிங்கில் கேட்டோம், டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போட்டோம், அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம் என்று சொல்லி மூடிவிட்டீர்கள். அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன். கம்பெனி பெயரை எழுதவில்லை, அது தேவையும் இல்லை. இதே முடிவை எடுத்த, எடுக்க யோசிக்கிற கம்பெனிகள் சென்னையிலும் கோவையிலும் இன்னும் எத்தனையோ இருக்கும். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

எச்சரிக்கை மட்டும் என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நம் பில்ட் லாகில் (மென்பொருளை உருவாக்கும்போது வரும் பதிவில்) இப்போதே மஞ்சள் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, யாரும் நின்று பார்ப்பதில்லை. சிவப்பு விழுந்தால்தான் கை நிற்கும். அந்தச் சிவப்பை எடுத்துவிட்டீர்கள்.

இதைச் செய்வதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. 2025 செப்டம்பரில் நாம் பட்டது இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. செப்டம்பர் 3-ம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் போகின்றன, பெரும்பாலான பொருட்கள் 5-க்கோ 18-க்கோ வருகின்றன, சிலவற்றுக்கு 40 சதவீதம், எல்லாம் 22-ம் தேதி முதல். அன்றுதான் நவராத்திரி தொடக்கம். பண்டிகை வியாபாரம் ஆரம்பிக்கிற நாளில் கடைக்காரர் போடும் முதல் பில்லில் புது விகிதம் வந்தாக வேண்டும். பில்லிங் மென்பொருள் விற்கும் நமக்குக் கையில் மூன்று வாரம்கூட இல்லை.

சட்டம் கேட்டது என்ன? இந்தப் பொருளுக்கு இந்தத் தேதி வரை இந்த விகிதம், அதற்குப் பிறகு வேறு விகிதம். அவ்வளவுதான். ஒரு அட்டவணையில் ஹெச்எஸ்என் கோடு (பொருளின் வகை எண்), விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று நான்கு பத்திகள் இருந்திருந்தால், புது வரிசைகளைச் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நம்மிடம் அந்த அட்டவணை பெயரளவில் இருந்தது. ஆனால் வரியைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் 12 என்றும் 28 என்றும் எண்களாகவே எழுதி வைத்த இடங்கள் ஏராளம். ஏதோ ஒரு வாடிக்கையாளருக்காக, ஏதோ ஒரு ரிலீஸ் அவசரத்தில், யாரோ எழுதியவை. தேடி மாற்றவும் முடியாது. 12-ல் இருந்தவற்றில் நெய் 5-க்குப் போனது, 2,500 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஆடை 18-க்குப் போனது. 28-ல் இருந்தவற்றில் டிவியும் ஏசியும் 18-க்கு வந்தன, குளிர்பானம் 40-க்கு ஏறியது, சிகரெட்டும் பான் மசாலாவும் அப்போதைக்குப் பழைய விகிதத்திலேயே தொடர்ந்தன. ஒவ்வொரு இடத்திலும், இந்த 28 எந்த 28 என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஃபங்ஷனை உங்களில் பலர் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். எழுநூறு லைனைத் தாண்டும். முதல் லைனில் ஒரு இஃப், அதாவது ஒரு நிபந்தனை: இன்வாய்ஸ் ரத்தாகவில்லை என்றால். அதற்குள் இன்னொரு இஃப், பொருட்கள் இருந்தால். அதற்குள், வாடிக்கையாளருக்கு ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) இருந்தால். அதற்குள், அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் நம் மாநிலத்தினுடையதாக இருந்தால், அதாவது தமிழ்நாட்டுக்கு 33. அதற்குள், கிரெடிட் நோட்டாக (சரக்கு திரும்பி வந்தால் போடும் வரவுச் சீட்டாக) இருந்தால். அதற்குள், தள்ளுபடி இருந்தால். இவ்வளவு தூரம் உள்ளே போனபிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது, அதுவும் திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு இஃப்புக்கும் எதிரான எல்ஸ் (இல்லையென்றால் என்ற பகுதி) நூறு இருநூறு லைன் கீழே எங்கோ இருக்கிறது. ஒரு எல்ஸைப் பார்த்தால் அது எந்த இஃப்பின் எல்ஸ் என்று அடைப்புக்குறியை விரலால் தொட்டுத் தொட்டு மேலே போக வேண்டும்.

அது போதாதென்று அதை அழைக்கும் இடங்கள். இன்வாய்ஸை அனுப்பி, கூடவே ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று மூன்று ஆம்-இல்லை மதிப்புகள். இரண்டாவதாக நிற்கும் ஃபால்ஸ் எதைக் குறிக்கிறது என்று ஃபங்ஷனைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. வரிவிலக்கு இல்லாதது என்று பெயர் வைத்த ஒரு மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), அதற்கு முன்னால் இல்லை என்று புரட்டும் ஒரு நாட். அதாவது வரிவிலக்கு இல்லாதது இல்லை என்றால். இரவு பதினொரு மணிக்கு இந்த நிபந்தனையைச் சரியாகப் படிக்கக்கூடியவர் யார்?

இதற்குள் போய்த்தான் மூன்று வாரத்துக்குள் விகிதங்களை மாற்றினோம். 22-ம் தேதி பில்கள் சரியாக வந்தன, நீங்கள் பாராட்டி மெயில் போட்டீர்கள். அக்டோபரில் ஈரோட்டு டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற நெய் திரும்பி வந்திருக்கிறது. பழைய விற்பனைக்குக் கிரெடிட் நோட்டு போடும்போது மூல இன்வாய்ஸில் இருந்த விகிதத்தில்தான் வரியைக் குறைக்க வேண்டும். நம் மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்து 5 சதவீதம் போட்டுவிட்டது. ஒரு லட்ச ரூபாய் சரக்கு என்றால் 12,000 குறைய வேண்டிய இடத்தில் 5,000 குறைந்திருக்கும், மீதி 7,000 ரூபாயை அவர் தன் கையிலிருந்து கட்டியிருப்பார். அவருடைய ஆடிட்டர் கவனித்ததால் தப்பினோம். கவனிக்காத கடைகள் எத்தனை என்று இன்றுவரை நாம் முழுமையாகத் தேடிப் பார்க்கவில்லை.

காரணம் என்ன? மூல இன்வாய்ஸின் தேதியை எடுக்க வேண்டும் என்ற முடிவு அந்த ஃபங்ஷனில் இரண்டு இடத்தில் இருந்தது. தள்ளுபடி இல்லாத பில்லுக்கு ஒன்று, தள்ளுபடி உள்ள பில்லுக்கு ஒன்று. என்றோ ஒருநாள் காப்பி அடித்து ஒட்டியது. ஒன்று ஐந்தாவது ஆழத்தில், இன்னொன்று ஆறாவது ஆழத்தில், நடுவில் முந்நூறு லைன். ஒன்றைத் திருத்தினார்கள், மற்றது கண்ணில் படவில்லை. ரிவ்யூ செய்தவருக்கும் படவில்லை, ஏனென்றால் புல் ரிக்வெஸ்ட்டில் (மெர்ஜுக்கு முன் சரிபார்க்கக் காட்டும் பக்கத்தில்) மாறிய லைன்கள் மட்டும்தான் தெரியும், மாறாமல் விட்டுப்போன இரட்டைப் பிள்ளை தெரியாது.

அப்புறம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் காரணம் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியது: மனிதப் பிழை. அந்த மாற்றத்தைச் செய்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவர் எல்லோர் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எழுநூறு லைன் ஃபங்ஷனை அப்படியே விட்டுவைத்த நிர்வாகத்திடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதிலிருந்து சில மாதம்கூட ஆகவில்லை, இனிமேல் அப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் தடையின்றி வளரலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

ஜிஎஸ்டி சட்டமே சிக்கலானது, கோடும் அப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு மேலாளர் சொன்னார். இதற்கு நின்று பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வாதம் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. சட்டத்தில் சிக்கல் உண்டு. மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநில ஜிஎஸ்டி). கோயம்புத்தூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனால் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி). வாங்கியவர் ஓரிடம், சரக்கு இறங்குவது வேறொருவரிடம் என்றால், சரக்கை அனுப்பச் சொன்னவரின் தொழிலிடத்தை வைத்துத்தான் மாநிலம் முடிவாகும். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு விற்றால், அது பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வெளிமாநில விற்பனைதான். இவ்வளவும் கோடில் இருந்தே ஆக வேண்டும், யாராலும் குறைக்க முடியாது. ஆனால் இந்த விதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இல்லை. வரிசையாக இருக்கின்றன. விற்பனை எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி. அது உள்மாநிலமா வெளிமாநிலமா என்பது அடுத்த கேள்வி. எந்தத் தேதியின் விகிதம் என்பது மூன்றாவது, விகிதம் எவ்வளவு என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் முந்தையதன் விடை போதும். நம் கோடு இந்த நான்கையும் ஒரே ஃபங்ஷனில், ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாகத் திணித்து வைத்திருக்கிறது. அந்தச் சிக்கலைப் பாராளுமன்றம் உண்டாக்கவில்லை.

சிறப்பு மண்டல விதியையே பாருங்கள். நம் ஃபங்ஷனில் மாநில எண்ணை முதலில் ஒப்பிட்டுவிட்டு, வேறு மாநிலம் என்ற கிளைக்குள் போனபிறகுதான் சிறப்பு மண்டலமா என்று கேட்கிறது. ஆகவே தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் மண்டல நிறுவனத்துக்கு அந்தக் கேள்வியே கேட்கப்படாது. இந்தத் தவறு நெடுநாள் இருந்து, ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. வெளிமாநில விற்பனையா என்று ஒரு சின்ன ஃபங்ஷன் தனியாக இருந்து, அதன் முதல் லைனே, சிறப்பு மண்டலம் என்றால் ஆம் என்று திரும்பிவிடு என்று இருந்திருந்தால், சேர்ந்து ஒரு வாரம் ஆனவர்கூட அதைச் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருப்பார். ஒரு கணக்காளரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டலாம்.

அந்த ஃபங்ஷனைச் சீராக்குவது பெரிய ஆராய்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தான இன்வாய்ஸா, பூஜ்யம் என்று உடனே திரும்பு. பொருட்கள் இல்லையா, திரும்பு. இப்படி விதிவிலக்குகளை வாசலிலேயே அனுப்பிவிட்டால் மீதிக் கோடு இரண்டு மூன்று படி இடதுபக்கம் நகர்ந்துவிடும். நீண்ட நிபந்தனைகளை ஒரு பெயருள்ள மாறியில் வைக்கலாம், பெயர் ஆமாம் என்ற பக்கத்திலிருந்து இருக்க வேண்டும், இல்லை என்பதிலிருந்து தொடங்கக்கூடாது. ட்ரூ ஃபால்ஸ் கொடிகளுக்குப் பதிலாக, கிரெடிட் நோட்டுக்குத் தனி ஃபங்ஷன், விற்பனைக்குத் தனி ஃபங்ஷன், இரண்டும் கீழே ஒரே கணக்கை அழைக்கட்டும். விகிதங்களைத் தேதியோடு அட்டவணைக்குக் கொண்டுபோய்விட்டால் சரிபாதி இஃப்கள் காணாமல் போகும். இதெல்லாம் நம் டீமில் எல்லோருக்கும் தெரியும். நேரமும் அனுமதியும்தான் இல்லை.

மாற்றினால் உடையுமே என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. போன ஆண்டு இன்வாய்ஸ்களை, பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டு, பழைய ஃபங்ஷனிலும் புதியதிலும் ஓட்டி, ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் நிறுத்திப் பார்ப்போம். வித்தியாசம் வருகிற இடங்களில் சில, பழையதன் தவறாகவே இருக்கும். அதுவும் லாபம்தான்.

இனி அந்த எண்ணைப் பற்றி. சிக்கல் அளவு என்று ஒரு எண் வைத்து எஞ்சினியர்களைக் கட்டிப்போடுவது செயற்கையானது என்று உங்கள் தரப்பில் சிலர் நினைக்கிறீர்கள். மென்பொருள் ஆய்வாளர் தாமஸ் மெக்கேப் 1976-ல் இந்த அளவை முன்வைத்தபோது அடிப்படையில் அவர் எண்ணியது, ஒரு ஃபங்ஷனுக்குள் ஒன்றையொன்று சாராத எத்தனை பாதைகள் இருக்கின்றன என்பதை. முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். அந்தப் பாதைகளையெல்லாம் சோதிக்கக் குறைந்தது எத்தனை டெஸ்ட் வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அவர் சொன்ன எல்லை, அதை ஒரு மந்திர எண்ணாக அவரும் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அடுத்தடுத்து பத்து இஃப் இருந்தால் அந்த ஃபங்ஷன் வழியாகப் போக 1,024 வழிகள் வரை இருக்கலாம். இருபது இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நம் வரி ஃபங்ஷனில் அந்த அளவு நூற்றை நெருங்குகிறது. அதற்கு நம்மிடம் இருக்கும் டெஸ்ட்கள் ஒரு கை விரல்களில் அடங்கும்.

அந்த அளவுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. மாநிலப் பெயர்களைத் திருப்பித் தரும் ஒரு ஸ்விட்ச் (மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றுக்குப் போகும் அமைப்பு) முப்பத்தைந்து கிளையோடு இருந்தால் மெக்கேப் கணக்கில் பயங்கரமாகத் தெரியும், ஆனால் படிக்க ஒரு சிரமமும் இல்லை. அதே சமயம் நான்கு இஃப் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் எண் ஐந்துதான், படிப்பவர் தலை சுற்றிவிடும். அதனால்தான் சோனார் என்ற கோடு சரிபார்க்கும் கருவியில் இருக்கும் காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி (புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல்) என்ற அளவு வேறு மாதிரி எண்ணுகிறது. ஸ்விட்ச் முழுவதற்கும் ஒன்று, ஆனால் உள்ளே போகப் போக ஒவ்வொரு ஆழத்துக்கும் கூடுதல் மதிப்பெண். அதன் வழக்கமான எல்லை 15. நீங்கள் இப்போது வெறும் எச்சரிக்கையாக்கியிருப்பது இதைத்தான். மனிதர் படிப்பதற்கு எவ்வளவு சிரமம் என்பதை ஓரளவாவது நியாயமாக அளக்கிற ஒரே சோதனை நம்மிடம் இதுதான் இருந்தது.

இது ஏதோ எங்கள் டீமின் ருசி இல்லை என்பதற்காக இன்னும் இரண்டு சொல்கிறேன். லினக்ஸ் கெர்னலின் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியின்) எழுத்து விதிகளில், மூன்று படிக்கு மேல் உள்ளே போக வேண்டியிருந்தால் புரோகிராமையே திருத்துங்கள் என்று நாசூக்கே இல்லாத மொழியில் எழுதியிருக்கிறார்கள். நாஸாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மான் 2006-ல் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அச்சிட்டால் அடங்க வேண்டும், சுமார் 60 லைன். விண்கலத்துக்கு எழுதுபவர்கள் அறுபது போதும் என்கிறார்கள். நெய்க்கு வரி போட எங்களுக்கு எழுநூறு.

2013-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு வழக்கும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். டொயோட்டா கார் ஒன்று தானாக வேகமெடுத்ததாகச் சொல்லப்பட்ட விபத்து. அந்தக் காரின் மென்பொருளை ஆராய்ந்த மைக்கேல் பார் என்ற நிபுணர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, 67 ஃபங்ஷன்களில் மெக்கேப் அளவு 50-ஐத் தாண்டியிருந்தது என்றும், த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்று போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) கோணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனில் 100-ஐத் தாண்டியிருந்தது என்றும் சொன்னார். அதற்கு முன்பு 2011-ல் வெளிவந்த நாஸா ஆய்வு எலெக்ட்ரானிக் கோளாறு எதையும் காரணமாகக் கண்டுபிடிக்கவில்லை, எனவே விபத்துக்கு இந்த எண்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. இந்தக் கோடு சரியாக இயங்குகிறதா என்று வெளியாள் ஒருவர் கேட்கும் நாளில், நம்மால் படித்துக் காட்டக்கூடிய கோடு கையில் இருக்க வேண்டும். நமக்கு அது நீதிமன்றமாக இருக்காது, ஏதோ ஒரு கடைக்காரருக்கு ஜிஎஸ்டி அதிகாரி அனுப்பிய நோட்டீஸாக இருக்கும்.

ஏஐ கருவி இருக்கிறதே, புரியாத ஃபங்ஷனை அதனிடம் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள் என்று மெயிலின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம், அதற்கு எதிரி யாரும் இங்கே இல்லை. ஆனால் அந்த எழுநூறு லைனில் ஒரு புது விதி சேர்க்கச் சொன்னால் அது என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்கிற வடிவத்தையே பின்பற்றி இன்னொரு இஃப்பை இன்னும் ஆழத்தில் சொருகிவிட்டுப் போகிறது. எழுதும் வேகம் கூடிவிட்டது, அதைப் படித்துச் சரி என்று கையெழுத்துப் போடும் மனிதரின் வேகம் அப்படியேதான் இருக்கிறது. இந்த நிலையில் சோதனையை இறுக்க வேண்டும், நீங்கள் தளர்த்தியிருக்கிறீர்கள். சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக இருந்தால் அதே கருவி நன்றாக வேலை செய்கிறது, அதையும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு எதிர்வாதம் எங்கள் டீமுக்குள்ளிருந்தே வருகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. எண்ணைக் குறைப்பதற்காகவே ஒரு ஃபங்ஷனைப் பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று வெட்டி வைப்பவர்கள் உண்டு. பத்து மாறிகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திக்கொண்டே போவார்கள். சோதனை பச்சை காட்டும், படிப்பவருக்கு முன்பைவிட மோசம், ஏழு கோப்புக்கு இடையே தாவ வேண்டும். வெட்டிய துண்டுக்கு நேர்மையான ஒரு பெயர் வைக்க முடியவில்லை என்றால் அந்த வெட்டு தவறு. இதைக் கருவியால் பிடிக்க முடியாது, ரிவ்யூ செய்பவர்தான் பிடிக்க வேண்டும், அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். அதற்காகச் சோதனையையே எடுத்துவிடுவது தீர்வாகாது.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது புதிதாகச் சேர்பவர்கள். விருதுநகரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறார்கள். அந்த ஃபங்ஷனைத் திறந்து இரண்டு நாள் வெறித்துப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று முடிவு செய்துகொள்கிறார்கள். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அக்கா, இது இப்படித்தான் இருக்குமா என்று தனியாக வந்து மெல்லக் கேட்பார்கள். பத்து வருடமாக இருக்கிற எங்களுக்கும் அது புரிவதில்லை என்று சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அப்படிக்கூடக் கேட்காமல் வேலையை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். எக்ஸிட் இன்டர்வியூவில் சம்பளம் என்று எழுதிவிட்டுப் போவார்கள், நீங்களும் அதை நம்புவீர்கள். அந்த ஃபங்ஷன் முழுசாகத் தெரிந்தவர் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஊருக்குப் போனாலும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறார். இது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

வேகம் என்று சொல்கிறீர்கள். ஒரு சின்ன மாற்றத்துக்கு எஸ்டிமேட் கேட்டால் ஏன் இரண்டு வாரம் சொல்கிறோம் என்று ஒவ்வொரு ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) தொடக்கத்திலும் எரிச்சல்படுகிறீர்களே, அந்த இரண்டு வாரத்தில் எழுதுவது அரை நாள். மீதியெல்லாம் படிப்பது, பயப்படுவது, கையால் சோதித்துப் பார்ப்பது. சோதனையை எடுத்ததால் இந்த மாதம் சில மெர்ஜ்கள் சீக்கிரம் போகும், உண்மை. அவற்றைப் படிக்கப்போகிறவர்களின் நேரம் உங்கள் டேஷ்போர்டில் எந்தக் கட்டத்திலும் வராது.

எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

சிக்கல் சோதனையை மெர்ஜைத் தடுக்கும் சோதனையாக உடனே திரும்ப வையுங்கள். புது ஃபங்ஷன்களுக்கு எல்லை 15. பழைய ஃபங்ஷன்களை ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை, ஆனால் ஒரு பழைய ஃபங்ஷனைத் தொடுகிறவர் அதன் எண்ணை இருந்ததைவிடக் கூட்டக்கூடாது என்ற ஒரு விதி போதும், அது தானாகக் கீழே இறங்க ஆரம்பிக்கும். அவசரத்துக்கு விலக்கு வேண்டும்தான், நள்ளிரவில் வாடிக்கையாளர் பில் போட முடியாமல் நிற்கும்போது யாரும் எண்ணைப் பற்றிப் பேசப்போவதில்லை. அந்த விலக்கு, காரணத்தோடும் பொறுப்பாளர் பெயரோடும் காலாவதித் தேதியோடும் இருக்கட்டும். இப்போதுபோல லின்ட்டை (கோடைச் சோதிக்கும் கருவியை) அணைக்கும் ஒரு கமென்ட்டைப் போட்டுவிட்டு மறந்துபோவது வேண்டாம்.

ரீஃபாக்டரிங்குக்கு (பழைய கோடைச் சீராக்குவதற்கு)த் தனி ஸ்பிரிண்ட் தருகிறோம் என்று இனி சொல்லாதீர்கள், அது எப்போதும் வந்ததில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேலையின் எஸ்டிமேட்டிலும் தொடுகிற ஃபங்ஷனைச் சீராக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வோம், அதை வெட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வரி ஃபங்ஷன் மட்டும் விதிவிலக்கு. அதற்கு இரண்டு பேரை, வேறு வேலை தராமல், ஒரு குவார்ட்டர் முழுக்க ஒதுக்குங்கள். அதோடு 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு போட்ட கிரெடிட் நோட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்து, தவறாகப் போன வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் நாமே தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பது சரியில்லை.

அந்த ஆய்வு அறிக்கையில் மனிதப் பிழை என்று எழுதியதை நீக்கி, ஒரே முடிவு இரண்டு இடத்தில் இருந்ததையும் அந்த ஃபங்ஷனின் அளவையும் காரணமாக எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னால் கேட்டீர்கள், எல்லோர் முன்னால்தான் திருத்தியும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அடுத்த முறை இப்படி ஒரு சோதனையை நீக்கும் முன் ஆன்-கால் (எந்நேரமும் கோளாறுகளைக் கவனிக்கும் முறைப்பணி) பார்க்கும் டீம்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். சோதனையைத் திரும்ப வைப்பதில்லை என்று முடிவெடுத்தால், அந்த முடிவை எடுத்தவர் பெயரையும் காரணத்தையும் நம் டிசைன் ஆவணங்களோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பில்லிங் டீமிலிருந்து ஓர் எஞ்சினியர்